டிஸ்க்கில் இடமே இல்லாத லேப்டாப்பில் உபுண்டு அப்கிரேடை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி பக்கத்தில் ஒரு பச்சைத் தேயிலைக் கொள்முதல் மையம். இலை எடை, விவசாயிகளின் கணக்கு, ரசீது எல்லாம் ஒரே லேப்டாப்பில். உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஓடுகிறது. உள்ளே இருப்பது 64 ஜிபி இஎம்எம்சி (டிஸ்க்காக வேலை செய்யும் மெமரி சிப்). மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, மாற்ற முடியாது. அதில் 7 ஜிபிதான் காலி. கணக்கு புரோகிராம் பைத்தானில் எழுதியது, பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். 24.04-க்குப் போக வேண்டும், ஆனால் போவதற்கு முன் ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிப்பதற்கே இடம் இல்லையே, என்ன செய்வது, டிஸ்க்கைத் தொடாமல் மேலே ஒரு அடுக்கில் எழுதும் ஓவர்லே முறை உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று: அவசரப்பட வேண்டாம். 22.04-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2027 வரை வரும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. 20.04-ல் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் நிலைமை வேறு. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதமே முடிந்துவிட்டது. அதோடு நேராக 24.04-க்குத் தாவவும் முடியாது, 22.04 வழியாகத்தான் போக வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இடம் குறைவான கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்வதற்கு முன் பெரும்பாலானோர் செய்யும் சோதனை, தாராளமாக இடம் இருக்கிற வேறு ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து அங்கே ஓட்டிப் பார்ப்பது. அங்கே எல்லாம் நன்றாக நடந்துவிடும். அப்புறம் உண்மையான கம்ப்யூட்டரில் ஓட்டினால் பாதியில் டிஸ்க் நிரம்பி நிற்கும். காரணம், உங்கள் கம்ப்யூட்டரின் முக்கியமான குணமே இடநெருக்கடிதான். நகலில் அது மட்டும் வரவில்லை. எனவே சோதனை நகலின் டிஸ்க், பார்ட்டிஷன், காலி இடம் எல்லாம் அசலின் அதே அளவில் இருக்க வேண்டும். நான் கீழே சொல்லும் மற்றதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்கிரேட் தொடங்கும்போது திரையில் வரும் கணக்கு நம்மை ஏமாற்றும். 'இதற்குப் பிறகு இத்தனை மெகாபைட் கூடுதலாகப் பயன்படும்' என்று ஆப்ட் (மென்பொருள் தொகுப்புகளை இறக்கி நிறுவும் கருவி) சொல்வது, எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் வித்தியாசம். நடுவில் எவ்வளவு தேவைப்படும் என்பதை அது சொல்வதில்லை. நடுவில்தான் நெருக்கடி உச்சத்துக்குப் போகும். இறக்கிய தொகுப்புகள் எல்லாம் ஆப்ட்டின் ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டரில் குவிந்திருக்கும். டெஸ்க்டாப் என்றால் இதுவே சில ஜிபி. அதன் மேல், டிபேக்கேஜ் (ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் கருவி) ஒரு தொகுப்பைப் பிரிக்கும்போது புதிய கோப்புகளை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டு, அப்புறம்தான் பழையதன் இடத்தில் வைக்கிறது. லினக்ஸ்-ஃபர்ம்வேர் மாதிரி பெரிய தொகுப்பு வரும்போது கொஞ்ச நேரம் பழையதும் புதியதும் சேர்ந்தே டிஸ்க்கில் இருக்கும். புதிய கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வரும், பழைய கர்னல் போகாது. இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடங்கும்போது தேவைப்படும் டிரைவர்கள் அடங்கிய கோப்பு) உருவாகும்போதும் பழைய கோப்பு இருக்கும்போதே புதியதைப் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் மாற்றி வைக்கும். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து நிறுவியிருந்தால் பூட் தனிப் பார்ட்டிஷனாக இருக்கும். ரூட்டில் (முக்கியப் பார்ட்டிஷனில்) எவ்வளவு காலியாக இருந்தாலும் அந்தச் சின்னப் பார்ட்டிஷன் நிரம்பினால் அப்கிரேட் நின்றுவிடும்.

ஸ்னாப் (ஆப்ட்டுக்கு வெளியே தனியாக வரும் மென்பொருள் வடிவம்) இன்னொரு கதை. 24.04-ல் தண்டர்பேர்டும் (மின்னஞ்சல் மென்பொருள்) ஸ்னாப்பாக மாறிவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 22.04-லேயே மாறியது. இவை இறங்கும் இடம் ஆப்ட்டின் கணக்கிலேயே வராது. ஸ்னாப் ஒவ்வொன்றிலும் பழைய பதிப்பையும் வைத்துக்கொள்ளும். தண்டர்பேர்டை நீங்கள் பயன்படுத்துவதில்லை என்றால் அப்கிரேடுக்கு முன்பே நீக்கிவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் மிகப் பெரிய ஆபத்து போஸ்ட்கிரெஸ்தான். 22.04-ல் வருவது போஸ்ட்கிரெஸ் 14, 24.04-ல் 16. அப்கிரேட் முடிந்ததும் உங்கள் டேட்டா தானாக 16-க்குப் போய்விடாது. பழைய 14 அப்படியே இருக்கும், பக்கத்தில் காலியான 16 ஒன்று உட்காரும். டேட்டாவை மாற்றுவதற்கு 'பிஜி-அப்கிரேட்கிளஸ்டர்' என்ற கட்டளையை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். அது வழக்கமான முறையில் டேட்டா முழுவதையும் புதிதாக எழுதும், பழையதை அழிக்காது. டேட்டாபேஸ் 3 ஜிபி என்றால் அந்த நேரத்தில் இன்னொரு 3 ஜிபி வேண்டும். இதை யாரும் முன்கூட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்கிரேட் வெற்றி என்று நினைத்து, மறுநாள் கணக்கை மாற்றும்போதுதான் இடம் தீரும். 'லிங்க்' முறையில் ஓட்டினால் டேட்டா கோப்புகளை நகலெடுக்காமல் ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) மட்டும் போடும், இடம் பிடிக்காது. ஆனால் புதிய சர்வரை ஒரு முறை தொடங்கிவிட்டால் பழையதுக்குப் பத்திரமாகத் திரும்ப முடியாது. அதோடு சி லைப்ரரி (புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) மாறுவதால் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியும் மாறியிருக்கலாம். பெயர் மேல் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டிருந்தால், லிங்க் முறைக்குப் பிறகு அவற்றை ஒருமுறை ரீஇண்டெக்ஸ் செய்வது நல்லது.

சரி, சோதனை எப்படி?

நான் சிபாரிசு செய்வது இது. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், இன்னொரு லேப்டாப், இரண்டும் கொஞ்ச நாளுக்குக் கிடைத்தால் போதும். அந்த இன்னொரு லேப்டாப் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளையின் லேப்டாப்பே போதும், அசல் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் கொண்டு அதற்கு மேலும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தால் சமாளிக்கலாம். வேண்டாததை எல்லாம் முதலில் சுத்தம் செய்யுங்கள் (எதை என்று பின்னால் சொல்கிறேன்). பிறகு பென் டிரைவிலிருந்து க்ளோன்ஸில்லாவை (டிஸ்க்கை நகலெடுக்கும் கருவி) பூட் செய்து, கொள்முதல் லேப்டாப்பின் முழு டிஸ்க்கையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இமேஜாக (முழு டிஸ்க்கின் நகல் கோப்பாக) எடுங்கள். இதுதான் உங்கள் பேக்கப்பும்கூட.

அடுத்தது, இரண்டாவது லேப்டாப்பில் க்யூஇஎம்யூ என்ற மென்பொருள் வைத்து ஒரு மெய்நிகர் கணினி (லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் கணினி). அதன் டிஸ்க்கை அசல் டிஸ்க்கின் அளவில், பைட் கணக்குக்கு அப்படியே சமமாக உருவாக்குங்கள். 64 ஜிபி என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 'பிளாக்டெவ்' கட்டளை சரியான பைட் எண்ணைத் தரும், அதையே கொடுங்கள். க்யூகவ்2 என்ற கோப்பு வடிவில் உருவாக்கினால் அந்த லேப்டாப்பில் நிஜமாக எழுதப்பட்ட அளவுதான் இடம் பிடிக்கும். உள்ளிருந்து பார்க்கும்போது மட்டும் முழு டிஸ்க்காகத் தெரியும். உங்கள் கொள்முதல் லேப்டாப் யுஇஎஃப்ஐ-யில் (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த பூட் முறை) பூட் ஆகிறது என்றால் மெய்நிகர் கணினிக்கும் அதே வேலையைச் செய்யும் ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேர் கொடுக்க வேண்டும். பிறகு அதற்குள் க்ளோன்ஸில்லாவை பூட் செய்து, எடுத்த இமேஜைத் திரும்ப ஊற்றுங்கள். பார்ட்டிஷனை டிஸ்க்குக்கு ஏற்ப நீட்டும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இந்த வழி எனக்குப் பிடிக்க ஒரு முக்கியமான காரணம் உண்டு. பேக்கப்பிலிருந்தே சோதனை நகலைத் தயாரிக்கிறீர்கள். அது பூட் ஆகி, கணக்கு புரோகிராம் திறந்து, நேற்று வரையான இலை எடை தெரிந்தால், உங்கள் பேக்கப் உண்மையிலேயே வேலை செய்கிறது என்று அர்த்தம். திரும்ப ஊற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பி அசல் கணினியில் கை வைக்கக் கூடாது.

நகல் பூட் ஆனதும் அதை அணைத்துவிட்டு, அதன் மேல் இன்னொரு க்யூகவ்2 கோப்பைப் போர்வை மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது மாறாது, அப்கிரேட் எழுதுவதெல்லாம் மேலே உள்ளதில் போகும். ஒரு முயற்சி கெட்டுப்போனால் மேல் கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆனால் அந்த மேல் கோப்பு சின்னதாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்கிரேட் என்பது ஏறக்குறைய எல்லாத் தொகுப்பையும் மாற்றும் வேலை.

இப்போது உள்ளே உபுண்டுவின் அப்கிரேட் கருவியான 'டூ-ரிலீஸ்-அப்கிரேட்' ஓட்டுங்கள். அது தொடங்கும் முன் தானே இடத்தைச் சரிபார்த்து, போதவில்லை என்றால் எந்தப் பார்ட்டிஷனில் எவ்வளவு வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். அப்படி நின்றால் அது நல்ல செய்தி, எதுவும் மாறியிருக்காது. அதைத் தாண்டிப் போனால்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியில் கட்டளை கொடுக்கும் வசதி) வழியாக உள்ளே போய், சில விநாடிக்கு ஒருமுறை, காலி இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையின் முடிவை எடுத்து, வெளி லேப்டாப்பில் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருங்கள். ரூட், பூட் இரண்டுக்கும் எழுதுங்கள். ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைந்த டிஸ்க்கில் ஜிபி காலியாக இருந்தும் ஐநோட் தீர்ந்துபோகும். எல்லாம் முடிந்ததும் அந்தக் கோப்பில் மிகக் குறைந்த எண்ணைத் தேடுங்கள். போஸ்ட்கிரெஸ் மாற்றத்தையும் உள்ளடக்கி, நடுவில் காலி இடம் எவ்வளவுக்கு இறங்கியது என்ற அந்த எண்தான் சோதனையின் முடிவு. ஒன்றரை ஜிபிக்குக் கீழே இறங்கியிருந்தால் நான் அசலில் ஓட்ட மாட்டேன். ஏனென்றால் அசலில் ஒரு நாள் லாக், ஒரு பிரவுசர் கேஷ் என்று இன்னும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

இடம் மட்டுமல்ல, புரோகிராமையும் ஓட்டிப் பாருங்கள். 22.04-ல் பைத்தான் 3.10, 24.04-ல் 3.12. நடுவில் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதியை பைத்தானிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பழைய லைப்ரரிகள் பல அதை நம்பியிருக்கும். தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (புரோகிராமுக்கென்று பிரித்துவைத்த பைத்தான் ஃபோல்டரில்) நிறுவியிருந்தால் அது பழைய பைத்தானைச் சுட்டிக்கொண்டிருக்கும், புதிதாக உருவாக்க வேண்டும். நேரடியாக சிஸ்டத்தில் பிப் (பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) வைத்து நிறுவியிருந்தால் 24.04 அதை அனுமதிக்காமல் தடுக்கும். ஒரு விவசாயியின் பெயரில் பொய் எடை போட்டு, ரசீது தயாராகும் வரை போய்ப் பாருங்கள்.

மெய்நிகர் கணினி சொல்லாத விஷயம் வன்பொருள். வைஃபை, திரை வெளிச்சம், தூக்கநிலை, தெர்மல் பிரின்டர், எடைத் தராசோடு பேசும் யுஎஸ்பி-சீரியல் கேபிள். இதற்கு 24.04-ன் லைவ் யுஎஸ்பியைக் கொள்முதல் லேப்டாப்பிலேயே பூட் செய்து, நிறுவாமல், ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். உள் டிஸ்க்கில் எதுவும் எழுதாது.

இரண்டாவது லேப்டாப் கிடைக்கவில்லை என்றால், எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் முழு நகல் எடுத்து அதிலிருந்தே பூட் செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். முடியும், ஆனால் ஒரு பெரிய குழி இருக்கிறது. நகலில் பார்ட்டிஷன்களின் யுயுஐடி (அடையாள எண்) அசலில் உள்ளதேதான். க்ரப் (கணினியை பூட் செய்யும் நிரல்) ரூட்டைத் தேடுவதும், எஃப்எஸ்டேப் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) மவுண்ட் செய்வதும் அந்த எண்ணை வைத்துத்தான். இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் எக்ஸ்டர்னலில் பூட் செய்ததாக நினைத்துக்கொண்டு உள் டிஸ்க்கை அப்கிரேட் செய்துகொண்டிருப்பீர்கள். அல்லது ரூட் எக்ஸ்டர்னலில், யுஇஎஃப்ஐ பார்ட்டிஷன் உள்ளே என்று கலந்துபோகும். இதில் இறங்குவதானால் நகலின் ரூட், யுஇஎஃப்ஐ இரண்டின் எண்ணையும் மாற்றி, எஃப்எஸ்டேபையும் க்ரப் அமைப்பையும் திருத்திய பிறகே பூட் செய்யுங்கள். சில பயாஸில் இஎம்எம்சியையே முடக்கும் வசதி இருக்கும், இருந்தால் அது இன்னும் சுலபம்.

ஓவர்லே பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் உபுண்டுவின் அப்கிரேட் கருவியிலேயே 'சாண்ட்பாக்ஸ்' என்று ஒரு விருப்பம் இருந்தது. உண்மையான டிஸ்க்கைத் தொடாமல் மேலே ஒரு அடுக்கில் எழுதி ஒத்திகை பார்க்கும். அது ஏயூஎஃப்எஸ் என்ற கோப்பு முறையை நம்பியது. ஏயூஎஃப்எஸ் கடைசி வரை லினக்ஸின் மூலக் கர்னலில் சேரவே இல்லை. அந்த இடத்துக்கு வந்த ஓவர்லேஎஃப்எஸ் 2014-ல் கர்னல் 3.18-ல் சேர்ந்தது. கையால் நீங்களே அமைக்கலாம்: லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, உள் டிஸ்க்கைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, எழுதும் அடுக்கை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்து, அதற்குள் அப்கிரேட் ஓட்டலாம். எக்ஸ்டர்னல் டிஸ்க் இஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான கோப்பு முறை) ஆக இருக்க வேண்டும். கடையில் வாங்கியபடி எக்ஸ்ஃபேட்டில் இருந்தால் வேலைக்கு ஆகாது.

இங்கே உள்ளே நுழைய சாதாரண 'சிஎச்ரூட்' (ஒரு ஃபோல்டரையே முழு சிஸ்டமாகக் காட்டும் கட்டளை) வேண்டாம். அதற்காக நிஜமான டெவ் ஃபோல்டரை (டிஸ்க்குகள் கோப்புகளாகத் தெரியும் இடம்) உள்ளே இணைத்துவிட்டால், பழைய பயாஸ் முறைக் கணினியில் க்ரப் தொகுப்பு அப்கிரேட் ஆகும்போது நிஜ டிஸ்க்கின் பூட் பகுதியிலேயே எழுதிவிடும். அதற்குப் பதில், தனியாகப் பிரித்து ஓட்டும் 'சிஸ்டம்டி-என்ஸ்பான்' பயன்படுத்தினால் உள்ளே நிஜ டிஸ்க்குகள் தெரியவே தெரியாது. தொகுப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றனவா, நிறுவும் ஸ்கிரிப்ட் ஏதாவது உடைகிறதா என்று பார்க்க இந்த வழி போதும். ஆனால் கர்னல் பூட் ஆகுமா என்று இது சொல்லாது. இடம் பற்றியும் எதுவும் சொல்லாது, ஏனென்றால் ஓவர்லேவுக்குள் 'டிஎஃப்' காட்டுவது எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் காலி இடத்தை. உங்கள் முக்கியமான கேள்விக்கே பதில் தராததால் இதை நான் இரண்டாம்பட்சமாகத்தான் வைப்பேன்.

ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நொடி நிலையைப் பிடித்துவைப்பது) போதுமே என்பவர்களுக்கு: இடம் இருப்பவர்களுக்குப் போதும். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையிலும், எல்விஎம் என்ற டிஸ்க் பிரிப்பு முறையின் 'தின்' வகையிலும் ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் இடம் பிடிக்காது என்பது உண்மை. அப்கிரேட் ஓட ஓட, மாறும் ஒவ்வொன்றின் பழைய வடிவமும் அங்கேயே தங்கும். 7 ஜிபி காலியில் இது தாங்காது. எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட்டுக்கு எடுக்கும்போதே இடம் ஒதுக்க வேண்டும், அது நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட்டே செல்லாமல் போய்விடும்.

சோதனையில் காலி இடம் போதாது என்று வந்தால் எங்கே இடம் எடுக்கலாம்? 'ஆப்ட் கிளீன்', தேவையில்லாத பழைய கர்னல்களை நீக்கும் 'ஆட்டோரிமூவ்', ஜர்னல் லாகை 100 எம்பிக்குள் சுருக்குவது, முடக்கிவைத்த பழைய ஸ்னாப் பதிப்புகள். இவை சுலபம். பூட் பார்ட்டிஷன் மட்டும் நெருக்கடி என்றால், இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் 'மாட்யூல்ஸ்' என்பதை 'டெப்' என்று மாற்றினால் அந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் சேர்ந்து கோப்பு நன்றாகச் சிறுத்துவிடும். அதைச் சோதனை நகலில் செய்தால், மெய்நிகர் கணினிக்கான டிரைவர்கள்தான் சேரும் என்பதால், அசலின் அளவை அது காட்டாது என்று நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய லாபம், இறக்கும் தொகுப்புகளை உள் டிஸ்க்கிலிருந்து வெளியேற்றுவது. இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதை ஆப்ட்டின் ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டர் மேல் பைண்ட் மவுண்ட் (ஒரு ஃபோல்டரை இன்னொன்றின் இடத்தில் தெரியவைப்பது) செய்துவிடுங்கள். சில ஜிபி அப்படியே மிச்சமாகும். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகளிலும் இடம் குறைந்தவர்களுக்கு இதே போல் யுஎஸ்பி டிஸ்க்கை யோசனையாகச் சொல்கிறார்கள். நெட்வொர்க் வழி மவுண்ட்டைப் பயன்படுத்தாதீர்கள், நடுவில் இணைப்பு அறுந்துபோகும் என்றும் எச்சரிக்கிறார்கள். இதைச் செய்தால் சோதனை நகலிலும் அதே மாதிரி இரண்டாவது டிஸ்க் ஒன்றைக் கொடுத்துச் செய்யுங்கள். இல்லையென்றால் அளந்த எண் பொருந்தாது.

நம் மலையில் இன்டர்நெட்டும் கரண்ட்டும் தனிக் கவலை. சோதனைக்கு ஒரு தடவை, அசலுக்கு ஒரு தடவை என்று ஜிபி கணக்கில் இரண்டு முறை இறக்க மொபைல் ஹாட்ஸ்பாட் தாங்காது. இரண்டாவது லேப்டாப்பில் 'ஆப்ட்-கேஷர்-என்ஜி' நிறுவி, மெய்நிகர் கணினியின் ஆப்ட்டை அதன் வழியாகப் போகச் செய்யுங்கள். சோதனையில் இறங்கிய தொகுப்புகள் அங்கே தங்கிவிடும். அசலில் ஓட்டும்போது இன்டர்நெட்டில் மிகக் கொஞ்சமே இறங்கும். ஸ்னாப்கள் மட்டும் இதில் தங்காது. பக்கத்து மையத்திலும் இதே 22.04 என்றால் அவர்களுக்கும் இதே கேஷ் உதவும்.

நாளைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் எப்போது கரண்ட் வரும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் தொடங்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரி பனிக்காலத்தில் இலை வரத்தும் குறைவு, கணினி ஒரு நாள் ஓய்வில் இருந்தாலும் கொள்முதல் நிற்காது. லேப்டாப் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் வகையாக இருக்கட்டும். தனி அடாப்டர் உள்ளதென்றால் கரண்ட் போனதும் லேப்டாப் ஓடும், தொகுப்புகள் இருக்கும் டிஸ்க் நின்றுவிடும்.

அசலில் ஓட்டும் அன்று காலையில், முதல் இமேஜுக்குப் பிறகு சேர்ந்த எடைக் கணக்கையும் 'பிஜி-டம்ப்' (டேட்டாபேஸை ஒரு கோப்பாக வெளியே எடுக்கும் கட்டளை) வைத்து எடுத்து ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா முயற்சிக்கும் பிறகும் பாதியில் இடம் தீர்ந்தால் பதறி ஆஃப் செய்துவிட வேண்டாம். லாகையும் கேஷையும் அழித்துக் கொஞ்சம் இடம் உண்டாக்கி, டிபேக்கேஜை 'கான்ஃபிகர் -ஏ' என்று ஓட்டி, அப்புறம் ஆப்ட்டை '-எஃப் இன்ஸ்டால்' என்று ஓட்டினால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து எழுந்துவரும். மெய்நிகர் கணினியில் இதையும் ஒரு தடவை வேண்டுமென்றே செய்து பார்த்துவிடலாம்: ஒரு பெரிய வெற்றுக் கோப்பைப் போட்டு இடத்தை நிரப்பி, அப்கிரேடைப் பாதியில் நிற்க வைத்து, மீட்டுப் பாருங்கள். பழைய போஸ்ட்கிரெஸ் 14-ஐ மட்டும் உடனே நீக்காதீர்கள். அந்த மாதத்து விவசாயிகள் கணக்கு புதிய 16-ல் ஒழுங்காக முடிந்து பணப் பட்டுவாடாவும் ஆன பிறகு, 'பிஜி-டிராப்கிளஸ்டர்' கொடுத்து அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.